பூட்டிய வீட்டின் அறுபத்தேழு யூனிட்

பூட்டிய வீடு கரண்ட் சாப்பிடாது. இருபத்தெட்டு வருஷமாக வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுக்கிறவன் சொல்கிறேன், நம்பலாம். மனுஷன் பொய் சொல்வான். அவன் வீட்டு நாய்கூட ஆளுக்குத் தகுந்த மாதிரி வாலை ஆட்டும். மீட்டருக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அப்படியிருக்க, மூன்று வருஷமாகப் பூட்டிக் கிடக்கும் நெட்டை நர்ஸின் வீட்டு மீட்டர் ஒரே மாதத்தில் அறுபத்தேழு யூனிட் ஓடியிருந்தது.

முதல் மாதம் வயர் கசிவாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். இரண்டாவது மாதம் எழுபது. மூன்றாவது மாதம் ஐம்பத்தெட்டு. நான்காவது மாதம் மறுபடி அறுபத்தேழு. மனக்கணக்கு போட்டுப் பார்த்தேன். ஒரு ஃபேன், ஒரு லைட், ஒரு சின்ன ஃபிரிட்ஜ். ஒரே ஒரு ஆள். யாரோ உள்ளே குடியிருக்கிறார்கள். குடியிருப்பது வெளியே தெரியக்கூடாது என்று குடியிருக்கிறார்கள்.

இது எனக்கு எதற்கு என்று கேட்பீர்கள். என் வீட்டுக்காரியும் அதைத்தான் கேட்டாள். மீட்டர் எடுப்பது வயிற்றுப்பாட்டுக்கு. அது தவிர எங்கள் ஊர் அமெச்சூர் வாலிபால் சங்கத்தின் விதிக்குழுச் செயலாளரும் நான்தான். நெட்டை நர்ஸ், வெளிநாட்டிலிருந்து வந்து எங்கள் போட்டியில் ஆடும் பெண்கள் அணியின் கேப்டன். எங்கள் ஊர்க் கடைசித் தெருவில் பிறந்து வளர்ந்தவள்தான். ஆறடிக்கு ஒரு விரல் குறைவு. பள்ளிக்கூடத்தில் வைத்த பேர் நெட்டை. நர்ஸ் வேலைக்குக் கடல் தாண்டிப் போன பிறகும் அந்தப் பேர் போகவில்லை.

அந்த அணிக்குச் சங்கத்துப் புத்தகத்தில் 'கடல்கடந்த அணி' என்று பேர். ஊர் ஜனங்கள் 'பிளேன் டீம்' என்பார்கள். உள்ளூர் அணிகள் எட்டும் ஏழு ஞாயிற்றுக்கிழமை வெயிலில் காய்ந்து, முட்டி உரிந்து, ஒன்றையொன்று அடித்துக் கீழே தள்ளித்தான் அரையிறுதிக்கு வர முடியும். பிளேன் டீம் இறங்கியதும் நேரே அரையிறுதி. கேட்டால், அவர்களுக்கு ஏழு வாரம் யார் லீவு தருவார்கள் என்பார்கள். நான் பொதுக்குழுவில் எழுந்து நின்று கத்தினேன். "பந்திக்குக் கடைசியா வந்தவங்களுக்கு முதல் இலையா?" என்று கேட்டேன். கைதட்டினார்கள். கைதட்டிவிட்டு எனக்கு எதிராக ஓட்டுப் போட்டார்கள்.

சரி, கதவைத் திறந்துவிட்டார்கள், தாழ்ப்பாளையாவது நான் போடுகிறேன் என்று ஏழாம் விதியை எழுதினேன். வெளிநாட்டு அணியில் ஆடுகிறவர் போட்டிக்கு முந்தைய ஒரு வருஷத்தில் பத்து மாதமாவது வெளிநாட்டில் குடியிருந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் இங்கேயே உட்கார்ந்துகொண்டு அரையிறுதிக்குக் குறுக்கு வழி தேடுவார்கள். ஒன்பதாம் விதியும் என் கைவண்ணம்தான். எதிர் அணிக்காரரிடமிருந்து ஷூ, பந்து, மைதானம் என்று எந்தச் சலுகையையும் ஓசியில் வாங்கக்கூடாது. வாங்கினால் கொடுத்த அணியும் வெளியே, வாங்கிய அணியும் வெளியே. முன்பு ஒரு ஷூ கடைக்காரர் தன் அணி ஜெயிக்கட்டும் என்று எதிர் அணிக்கே ஓசியில் ஷூ கொடுத்துக் கவிழ்த்த வருஷத்தில் எழுதியது. அந்த விதியைப் படித்துவிட்டுச் சங்கத் தலைவர், "ஓட்டையே இல்லையே செயலாளரே" என்றார். அவர் பல் டாக்டர். ஓட்டையைப் பற்றி அவர் சொன்னால் சரியாக இருக்கும் என்று எனக்கு ஒரே பெருமை.

இந்த வருஷம் இன்னொரு சலுகையும் சேர்ந்துகொண்டது. கூட்டம் வரட்டும் என்று அரையிறுதியையும் இறுதியையும் சாயங்காலம் ஃபோகஸ் லைட்டில் வைக்கப்போவதாக நான்கு மாதத்துக்கு முன்பே அறிவித்துவிட்டார்கள். பிளேன் டீம் அங்கே தினமும் லைட் போட்ட அரங்கத்தில்தான் ஆடுகிறது. எங்கள் பெண்களுக்குச் சூரியன்தான் லைட். அண்ணாந்து பார்த்தால் பந்து எது பல்பு எது என்று தெரியாமல் முகத்தில் வாங்கிக்கொள்வார்கள். இதற்கும் கத்தினேன். இதற்கும் கைதட்டினார்கள்.

இதில் என் மகள் விஷயம் ஒன்று இருக்கிறது. மறைக்க மாட்டேன். உள்ளூரிலிருந்து அரையிறுதிக்கு வந்த அணிகளில் ஒன்றுக்கு அவள்தான் கேப்டன். வயது இருபத்திரண்டு. அடுத்த மாதம் ஒரு பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராகச் சேருகிறாள், ஆர்டர் கைக்கு வந்துவிட்டது. விளையாட்டுக்காகச் சம்பளம் வாங்கிய அன்றைக்கே அவள் அமெச்சூர் இல்லை; எங்கள் போட்டியில் இனி காலெடுத்து வைக்க முடியாது. பன்னிரண்டு வருஷம் ஆடியிருக்கிறாள், ஒரு தடவைகூட இறுதிக்குப் போனதில்லை. இதுதான் கடைசி. அந்தக் கடைசியில் அவள் எதிரே நிற்கப்போவது பிளேன் டீம். அந்த டீமின் கேப்டன் நான்கு மாதமாக இங்கேயே ஒளிந்துகொண்டு இருக்கிறாள் என்று மீட்டர் சொல்கிறது.

மகளுக்காகத்தான் துப்புத் துலக்கினேனா, நியாயத்துக்காகவா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். நியாயத்துக்காக என்று பதில் வந்தது. அந்தப் பதிலை மட்டும் நான் சந்தேகப்படவில்லை.

மறுநாள் ரீடிங் முடித்த கையோடு அந்த வீட்டு கேட்டின் முன்னால் ஐந்து நிமிஷம் நின்றேன். மீட்டர் பெட்டி வெளிச்சுவரில் இருப்பதால் யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பூட்டு, தேங்காய் மூடி அளவு. மூன்று வருஷம் மழையில் நனைந்த பூட்டு துருப்பிடித்திருக்க வேண்டும். இது மினுமினு என்று இருந்தது. குனிந்து மோந்து பார்த்தேன். மெஷின் எண்ணெய். கேட்டின் கைப்பிடியில் தூசி இல்லை. கேட்டுக்கு அடியில் நீல நிறத்தில் முடி கட்டுகிற ரப்பர் பேண்ட் ஒன்று கிடந்தது. நர்ஸ் வேலை பார்க்கிறவள், முடியைத் தூக்கிக் கட்டித்தானே ஆகவேண்டும்? பழைய தபால் கவரில் போட்டு, தேதி எழுதி, பையில் வைத்துக்கொண்டேன்.

வீட்டில் அந்தக் கவரை மேஜையில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் மகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாள்.

"இது எங்கப்பா கிடைச்சுது?"

"நெட்டை வீட்டு வாசல்ல. ஆதாரம். தொடாதே."

"ரப்பர் பேண்டுல என்னப்பா ஆதாரம்? ரோட்டுல போற யாரோடதாவும் இருக்கலாம்ல?"

"யாரோடதாவும் இருக்கலாம்னு விட்டா, உலகத்துல ஒரு திருடனையும் பிடிக்க முடியாது."

அடுப்படியிலிருந்து என் வீட்டுக்காரி, "நேத்து என் சீப்பைக் காணோம். அதுக்கும் ஒரு கவர் போடுங்களேன்" என்றாள். இருபத்தைந்து வருஷமாக இதே கிண்டல். மகள் சிரிப்பாள் என்று பார்த்தேன், சிரிக்கவில்லை. வாசலுக்குப் போய் ஷூவைத் தண்ணீரில் அலசிச் சுவர்மேல் காயவைத்தாள். பிராக்டிஸ் முடிந்து கம்ப்யூட்டர் கிளாசும் போய்விட்டு எட்டரைக்கு வீட்டுக்கு வந்தாலும், ஷூவைக் கழுவாமல் உள்ளே வரமாட்டாள். சுத்தமான பிள்ளை என்று நானே நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன்.

சங்கத்தில் மனு கொடுத்தேன். பிளேன் டீம் வந்து இறங்கி லாட்ஜில் பெட்டியை வைத்ததும் நெட்டையிடம் விளக்கம் கேட்டார்கள். பாஸ்போர்ட்டைக் கொடுத்தாள். புரட்டிப் பார்த்தால் ஒரு முத்திரையும் இல்லை. இப்போதெல்லாம் முகத்தைக் காட்டினால் தானாகத் திறக்கிற கேட் வந்துவிட்டதாம், யாரும் முத்திரை குத்துவதில்லையாம். நல்ல வசதிதான், திருட்டுக்கு. வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு கடிதம் கொண்டுவந்திருந்தாள்: ஒரு நாளும் நீண்ட லீவு எடுக்கவில்லை என்று. அந்த ஆஸ்பத்திரிதான் அவர்கள் அணிக்கு ஜெர்சி வாங்கித் தருகிறது. கட்சிக்காரன் கொடுக்கிற சான்றிதழ் சாட்சி ஆகுமா?

"பின்ன எதைத்தான் ஒத்துக்குவீங்க?" என்று கேட்டார் டாக்டர்.

"மீட்டரை" என்றேன். புது மீட்டர்கள் மணிக்கு மணி எவ்வளவு கரண்ட் ஓடியது என்று தமக்குள்ளேயே எழுதி வைத்துக்கொள்ளும். வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் ஆபீஸில் அச்செடுத்துக் கொடுப்பார்கள். ராத்திரியெல்லாம் ஃபேன் ஓடியிருந்தால் உள்ளே ஆள் படுத்திருந்தார் என்று அர்த்தம். அதற்கு மேல் பாஸ்போர்ட்டும் வேண்டாம், கடிதமும் வேண்டாம்.

கையெழுத்துப் போட நெட்டை எங்கள் ஆபீஸுக்கே வந்தாள். கவுன்ட்டர் உயரம் அவள் இடுப்புக்கு இருந்தது. படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுதாமல் நின்றாள்.

"மாமா, ஒண்ணு கேக்கவா? நாங்க வர்றது உங்களுக்கு ஏன் இவ்ளோ கடுப்பு?"

"வர்றது இல்லம்மா. நேரா மேல ஏறி உட்கார்றது."

"ஏழு ஞாயித்துக்கிழமை நீங்க ஆடுறீங்க, ஒத்துக்கறேன். எங்க டீம்ல பதினொரு பேரும் ஒரே நாள் ஷிப்ட் இல்லாம சேர்றது மாசத்துக்கு ரெண்டு தடவை மாமா. வருஷ லீவு மொத்தத்தையும் இதுக்குத்தான் எடுத்துட்டு வர்றோம். அம்மா அப்பாவைப் பார்க்க வர்ற லீவு அது." படிவத்தைத் திருப்பிப் பார்த்தாள். "அதிலயும் எங்களுக்குக் கூடுதலா ஏதாச்சும் இருந்தா அதை எங்களால முடிஞ்ச வரைக்கும் சரி பண்ணத்தான் பார்க்கறோம்."

"என்ன சரி பண்ணீங்க?"

அவள் கவுன்ட்டர்மேல் குனிந்தாள். குரலைத் தாழ்த்தி, "இந்த மனுவை வாபஸ் வாங்கிடுங்க மாமா. எனக்காக இல்ல. உங்களுக்காகத்தான் சொல்றேன்" என்றாள்.

மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்? "மிரட்டுறியா?" என்றேன். அவள் படிவத்தைக் கவுன்ட்டரில் வைத்துக் கையெழுத்துப் போட்டாள். எழுத்து கோணுகிறதா என்று பார்த்தேன். கோணவில்லை. தேர்ந்த கை என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அச்சு தயாரானது. கவரில் போட்டு அரக்கு வைத்து ஒட்டச் சொன்னேன். ஆபீஸில் சிரித்தார்கள். "உங்க மேலேயே உங்களுக்குச் சந்தேகமா?" என்று கேட்டார்கள். என் மகள் அணி சம்பந்தப்பட்ட வழக்கு. நான் முதலில் பிரித்துப் பார்த்தால், இவன் ஏதோ திருத்திவிட்டான் என்று நாளைக்கு ஒருத்தன் சொல்வான். சொல்வான் என்று எனக்குத் தெரியும். ஏனென்றால் நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அன்று சாயங்காலம் மகள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் வந்து உட்கார்ந்தாள். சின்னப் பிள்ளையில் கணக்கு வராவிட்டால் அப்படித்தான் வந்து உட்காருவாள்.

"அப்பா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த வீடு..."

"பாப்பா, நிறுத்து." கையை உயர்த்திவிட்டேன். "விசாரணைக்கு முன்னாடி செயலாளர் யார்கிட்டயும் வழக்கைப் பத்திப் பேசக்கூடாது. பதினாலாம் விதி. நெட்டை உன்கிட்ட வந்து பேசினாளா?"

"பேசினாங்க. ஆனா அது..."

"அதானே பார்த்தேன். என்கிட்ட வேகலைன்னதும் உன்கிட்ட வந்துட்டா. எதுவா இருந்தாலும் நாளைக்கு விசாரணை முடியட்டும்."

"முடிஞ்சப்புறம் சொல்லிப் பிரயோஜனம் இல்லப்பா."

"விதின்னா விதி."

வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரி, "அந்தக் கவரை வழியில எங்கயாச்சும் தொலைச்சுட்டுப் போங்களேன், புண்ணியமாப் போகும்" என்றாள். அன்றைக்கு அவள் குரலில் கிண்டல் இல்லை. அதையும் கவனித்தேன். கவனித்து, இவளும் அந்தப் பெண்ணுக்கு இரக்கப்படுகிறாளே என்று கோபப்பட்டேன். ஊரிலுள்ள பூட்டையெல்லாம் மோந்து பார்க்கிறவனுக்கு வீட்டுக்குள் அடிக்கிற வாடை தெரியவில்லை.

விசாரணை சங்க ஆபீஸில் நடந்தது. விளையாட்டுச் சாமான் கடையின் மாடி அறை. ஒரு நீள மேஜை, எட்டு நாற்காலி, சுவரில் பழைய கோப்பைகள். டாக்டர் நடுவில். பக்கத்தில் சங்கத்து அணிகளுக்கு ஜெர்சி தைக்கிற டெய்லர், அவர் குழு உறுப்பினர். ஒரு பக்கம் நெட்டை, எதிர்ப்பக்கம் அரையிறுதியின் இன்னொரு கேப்டன் என்ற முறையில் என் மகள். அரக்கு உடையாத கவரை எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். டாக்டர் கத்தியால் பிரித்து, எட்டுப் பக்கத்தையும் என்னிடமே நீட்டினார். "எங்களுக்கு இது புரியாது. நீங்களே வாசிங்க."

வாசித்தேன். ராத்திரி பன்னிரண்டு, பூஜ்யம். ஒன்று, பூஜ்யம். காலை முழுக்கப் பூஜ்யம். மத்தியானம் பூஜ்யம். சாயங்காலம் ஆறிலிருந்து ஏழு, ஒன்று புள்ளி ஆறு. ஏழிலிருந்து எட்டு, ஒன்று புள்ளி ஆறு. எட்டுக்கு மேல் பூஜ்யம். அடுத்த நாளும் அப்படியே. சனி, ஞாயிறு ஒன்றும் இல்லை. திங்கள் மறுபடி ஆறு முதல் எட்டு.

ஃபேன் இல்லை. ஃபிரிட்ஜ் இல்லை. அந்த வீட்டில் யாரும் ஒரு ராத்திரிகூடத் தூங்கவில்லை.

ஒன்று புள்ளி ஆறு என்றால் நானூறு வாட் விளக்கு நான்கு. நெட்டையின் அப்பா உயிரோடிருந்தபோது மகள் ஆடட்டும் என்று தோப்பைப் பார்த்த பின்கட்டில் வலை கட்டி, நாலு மூலையிலும் ஃபோகஸ் லைட் போட்டிருந்தார். அதற்கு இணைப்புக் கொடுத்தபோது பார்க்கப் போனவன் நான்தான். என் வாசிப்பு மெதுவானது. மூன்றாவது மாதத்துக்கு வந்தேன். பன்னிரண்டாம் தேதி செவ்வாய், பூஜ்யம். பதின்மூன்று, பூஜ்யம். பதினான்கு, பூஜ்யம். பதினைந்தாம் தேதி வெள்ளிக்கிழமை மறுபடி ஒன்று புள்ளி ஆறு.

அந்த மூன்று நாளும் நான் லீவு போட்டிருந்தேன். மகளுக்கு நூற்றுமூன்று டிகிரி காய்ச்சல். ஈரத்துணியை நெற்றியில் மாற்றி மாற்றிப் போட்டவன் நான்.

தலையைத் தூக்கவில்லை. தூக்கினால் அவள் முகம் எதிரில் இருக்கும். எண்ணெய் போட்ட பூட்டு, நீல ரப்பர் பேண்ட், கம்ப்யூட்டர் கிளாஸ், எட்டரைக்குக் கழுவிய ஷூ என்று எல்லாம் வரிசையாக வந்து என் முன்னால் நின்றது. ஒன்பதாம் விதியும் வந்து நின்றது. கொடுத்த அணியும் வெளியே, வாங்கிய அணியும் வெளியே. ஓட்டையே இல்லாத விதி. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதற்கு அரக்கு வைத்து வேறு எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

"ஆள் இல்லைன்னா, தினம் ரெண்டு மணி நேரம் என்ன எரியுது?" என்று கேட்டார் டாக்டர்.

நெட்டை சாவகாசமாகச் சொன்னாள்: "பின்கட்டு லைட் டாக்டர். டைமர் வச்சிருக்கேன். பூட்டின வீடுன்னு திருடன் வந்துடக்கூடாதுல்ல? சாயங்காலம் வெளிச்சம் தெரிஞ்சா ஆள் இருக்குன்னு நினைப்பான்."

சொல்லும்போது அவள் என் மகளைப் பார்க்கவில்லை, என்னையும் பார்க்கவில்லை. அந்தப் பொய்யை அவள் எனக்காகவும் சேர்த்துத்தான் சொல்கிறாள் என்று புரிந்தபோது காது சுட்டது. மாமா, உங்களுக்காகத்தான் சொல்றேன் என்றாளே.

டாக்டர் பேனாவை மூடினார். டெய்லர் மூடவில்லை. துணியில் ஒரு நூல் பிசகினாலும் கண்டுபிடிக்கிற கண். "டைமர்னா தினமும் எரியணுமே? சனி ஞாயிறு விட்டுட்டீங்க, சரி. நடுவுல மூணு நாள் ஏன் எரியல?"

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. அறையில் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் மகள் நாற்காலியை லேசாகப் பின்னால் தள்ளினாள். எழுந்திருக்கப் போகிறாள் என்று தெரிந்துவிட்டது.

"மின்தடை" என்றேன். "அந்த மூணு நாள் அந்தத் தெருவுல லைன் வேலை. சாயங்காலத்துல ஆஃப் பண்ணியிருந்தோம். எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

மின்தடை என்றால் அச்சில் அந்தக் கட்டத்தில் குறுக்குக் கோடு விழும், பூஜ்யம் விழாது. அந்த அறையில் இது தெரிந்தவன் நான் ஒருத்தன்தான். காகிதங்களை மடித்துக் கவருக்குள் வைத்தேன். டெய்லர் தலையாட்டிவிட்டார். ஊரையே சந்தேகப்படுகிற மனுஷன் சொன்னால் யார் சந்தேகப்படுவார்கள்? மனு தள்ளுபடி. நெட்டையிடம் வருத்தம் தெரிவிக்கும்படி டாக்டர் சொன்னார். தெரிவித்தேன். வாயில் மண் விழுந்த மாதிரி இருந்தது.

மாடிப்படியில் இறங்கும்போது மகள் எனக்கு இரண்டு படி முன்னால் போனாள். தெருவுக்கு வந்ததும் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு ரொம்பப் பழக்கம். ஒவ்வொரு மாதமும் மீட்டரைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரரை நான் பார்க்கிற பார்வை அது.

வீட்டுக்கு வந்தேன். என் வீட்டுக்காரி ஊசி நூல் டப்பாவைத் திறந்து, சாவி ஒன்றை எடுத்து மேஜையில் வைத்தாள். பூட்டுக்குத் தகுந்த பெரிய சாவி.

"ஊருக்குப் போற அன்னிக்கே நெட்டை என்கிட்ட குடுத்துட்டுப் போனது. லைட்டுல ஆட்டம்னு சொன்னதும் அவளேதான் ஃபோன் பண்ணா. 'அத்தை, நாங்க லைட்டுலயே ஆடிப் பழகினவங்க, அவங்க கண்ணு கூசி நிக்கிறப்ப ஜெயிச்சா அது ஆட்டமா? பாப்பாகிட்ட சாவியைக் குடுங்க'ன்னா."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

ஒன்பதாம் விதியைப் படித்துக் காட்டியிருப்பேன். அது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன்.

இரண்டு நாள் கழித்து அரையிறுதி. நல்ல கூட்டம். விதிக்குழுச் செயலாளருக்கு நெட் கம்பத்துக்குப் பக்கத்தில் நாற்காலி போடுவது வழக்கம். எங்கள் பெண்கள் லைட்டைக் கண்டு கூசவே இல்லை. வானத்திலிருந்து விழுகிற பந்தைத் தட்டில் பழம் எடுக்கிற மாதிரி எடுத்தார்கள். "எங்கடா பழகினாங்க இதுங்க?" என்று பின்னால் யாரோ வியந்தார்கள். நான் திரும்பவில்லை. ஆளுக்கு இரண்டு செட், ஐந்தாவது செட் பதினைந்து பாயின்ட். பிளேன் டீம் பதினான்கு, நாங்கள் பதின்மூன்று.

நெட்டை எம்பி அடித்தாள். என் மகள் எம்பி இரண்டு கையாலும் மறித்தாள். பந்து அந்தப் பக்கமே செங்குத்தாக விழுந்தது. பதினான்குக்குப் பதினான்கு. கூட்டம் எழுந்து கத்தியது. ரெஃபரி எங்கள் பக்கம் கையை நீட்டினார். நானும் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன், எழக்கூடாது என்று விதி இருக்கிறது.

மகள் கையைத் தூக்கிக்கொண்டு ரெஃபரியிடம் போனாள். "நெட் பட்டுடுச்சு சார். என் கை."

ரெஃபரி பார்த்திருக்கவில்லை. லைன் பார்க்கிறவர்களும் பார்த்திருக்கவில்லை. நெட்டையைக் கேட்டார்கள். "எனக்குத் தெரியல சார்" என்றாள் அவள். முகம் செத்துப்போயிருந்தது. வலையில் கை பட்டால் பாயின்ட் எதிர்ப்பக்கத்துக்கு; ஆடினவளே ஒத்துக்கொண்ட பிறகு ரெஃபரி என்ன செய்வார்? பதினைந்து, பதின்மூன்று. ஆட்டம் முடிந்தது. எங்கள் பெண்களில் இரண்டு பேர் தரையிலேயே உட்கார்ந்து அழுதார்கள். மகள் அவர்கள் தலையைத் தடவிக்கொண்டே நின்றாள். நெட்டை வலைக்கு அடியில் குனிந்து வந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

கூட்டம் கலைந்ததும் முட்டிக் கவசத்தைக் கழற்றிக்கொண்டிருந்தவளிடம் போனேன்.

"யாரும் பார்க்கலையே பாப்பா."

"எனக்குத் தெரியும்லப்பா" என்றாள்.

இருட்டு மூலையில் தூசி படிந்த கண்ணாடிக்குள் இருக்கிற எண்ணைப் பத்தடி தூரத்திலிருந்து வாசிக்கிற கண் என்னுடையது. நெட்டின் மேல்பட்டை வெள்ளை நிறம், லைட் அதன் மேலேயே விழுந்துகொண்டிருந்தது, நான் இருந்தது எட்டடி தூரத்தில். அவள் எம்பி இறங்கிய வரைக்கும் அந்தப் பட்டை ஒரு நூல்கூட அசையவில்லை. அசையவில்லை என்று எந்த விசாரணையிலும் சத்தியம் செய்வேன். மற்ற ஐந்து பெண்களின் உழைப்பை இவள் அப்படி விட்டுக்கொடுப்பாளா, மாட்டாளே என்றும் யோசித்தேன். விரல் நுனி பட்டும் படாமலும் உரசியிருந்தால் எனக்கு எப்படித் தெரியும் என்றும் யோசித்தேன். அவள் பன்னிரண்டு வருஷம் காத்திருந்த பாயின்ட் அது.

வீட்டுக்கு வந்து ஷூவைக் கழுவிச் சுவர்மேல் வைத்தாள். கேள்வி என் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. நெட் நிஜமாவே பட்டுச்சா பாப்பா? கேட்டிருந்தால் உண்மையைத்தான் சொல்லியிருப்பாள். அதற்கப்புறம் அவள் முறை வரும். அந்த மூணு நாள் எந்தத் தெருவுலப்பா லைன் வேலை என்று அவள் கேட்பாள்.

நான் கேட்கவில்லை. இன்றுவரைக்கும் அவளும் கேட்கவில்லை.